டெங்கு ஊர்விட்டு ஊர் பரவும்போது நாம் செய்யும் தவறுகள்

டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு, தான் பிறந்த இடத்திலிருந்து பெரும்பாலும் சில நூறு மீட்டருக்கு மேல் பறப்பதில்லை. திருவனந்தபுரத்திலிருந்து களியக்காவிளை தாண்டியும், கொச்சித் துறைமுகத்திலிருந்து தூத்தூர் வரையிலும் நம் குமரி மாவட்டத்துக்குள் வைரஸைக் கொண்டு வருபவர் அதை இரத்தத்தில் சுமந்தபடி பேருந்தேறும் மனிதரே.

‘காய்ச்சல் இல்லையே, பிறகென்ன’ என்று இருந்துவிடுவது முதல் தவறு. கொசு கடித்து 4 முதல் 10 நாட்களுக்குப் பிறகே காய்ச்சல் தொடங்குகிறது. அதற்கு ஓரிரு நாள் முன்பிருந்தே, காய்ச்சல் கண்டு ஏறத்தாழ 5 நாள் வரை, அவரைக் கடிக்கும் கொசுவுக்கு வைரஸ் தொற்றக்கூடும். அந்தக் கொசு நோயைப் பரப்பும் நிலையை அடைய மேலும் 8 முதல் 12 நாள் ஆகும். ஆகையால் வெளியூரிலிருந்து வந்தவர் தேறி வேலைக்குத் திரும்பிய பின்னர், எங்கும் போகாத பக்கத்து வீட்டுக் குழந்தை படுக்கும்போது, இரண்டையும் எவரும் தொடர்புபடுத்துவதில்லை. ஏடிஸ் பகலில் கடிப்பது என்பதால், காய்ச்சல்காரர் பகலிலும் கொசுவலைக்குள் படுப்பதே வீட்டாருக்கும் தெருவுக்கும் காவல்.

வடமாநிலத் தொழிலாளர்மீது பழிபோடுவது அநியாயமும் ஆபத்தும் ஆகும். வளைகுடாவுக்கும் கேரளத்துக்கும் போய்வருவோர் நம் வீடுகளிலும் உண்டு; நலமாக வந்த தொழிலாளி இங்கேயே நோய் பெறுவதும் உண்டு. விரட்டப்படுவோம் என்று அஞ்சுபவர் காய்ச்சலை மறைப்பார். மறைத்த காய்ச்சல் கொசுவுக்கே வாய்ப்பு.

வந்தவரிடமிருந்து நோய் பரவ உள்ளூரில் கொசு இருக்க வேண்டும்; அதை வளர்ப்பவர்கள் நாமே. தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் கிடைக்கும் மாவட்டம் இது. குலசேகரம், திருவட்டாறு பக்கத்து ரப்பர் தோட்டங்களில் மழைக்காலத்தில் பால்வெட்டு நின்றதும், மரத்தில் கட்டிய சிரட்டைகளை நிமிர்ந்தபடியே விட்டுவிடுகிறோம். ஒவ்வொன்றிலும் ஒரு கை அளவு மழைநீர், அதில் நெளியும் புழுக்கள். அவற்றைக் கவிழ்த்து வைப்பது சிறிய வேலைதான். வெளிநாட்டில் வேலை செய்வோரின் பூட்டிக் கிடக்கும் வீட்டின் சிமெண்டுத் தொட்டியும் அப்படியே. தண்ணீரைக் கொட்டினால் போதும் என்பதும் தவறே. நீர்மட்டத்துக்குச் சற்று மேலே சுவரில் ஒட்டியிருக்கும் முட்டைகள் காய்ந்த நிலையிலும் பல மாதம் உயிர்ப்புடன் இருக்கும் என்பதால், உட்புறத்தை வாரம் ஒருமுறை நன்றாகத் தேய்த்துக் கழுவ வேண்டும்.

‘ஒருமுறை வந்துவிட்டது, இனி வராது’ என்போரும் உளர். டெங்கு வைரஸில் 4 வகைகள் உண்டு. வேறொரு வகை பயணியோடு வந்து சேர்ந்தால், இரண்டாம் தொற்று கடுமையாகும் வாய்ப்பு அதிகம்.

மருத்துவரிடம் பயண விவரத்தையும் காய்ச்சல் தொடங்கிய நாளையும் சொல்லாமல் விடாதீர்கள். எந்தப் பரிசோதனை பயன்படும் என்பது அந்த நாளைப் பொறுத்தது. ஆஸ்பிரின், ஐபுப்ரோஃபென் வேண்டாம்; இரத்தக்கசிவை அவை கூட்டும். பாராசிட்டமாலை மருத்துவர் சொன்ன அளவில் எடுக்கலாம்.

காய்ச்சல் தணிந்ததும் உடனே மீன்பிடிக்க விசைப்படகேறுவது எல்லாவற்றிலும் கொடிய தவறு. காய்ச்சல் தொடங்கிய 3 முதல் 7 நாட்களுக்குள் அது இறங்கும் நேரத்தில்தான் நோய் முற்றக்கூடும். கடுமையான வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறுகளில் இரத்தம், மிகுந்த சோர்வு ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும் ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ அருகிலுள்ள மருத்துவமனைக்கோ அப்போதே போக வேண்டும். நடுக்கடலில் இருப்பவருக்கு அந்த வழி இல்லை.