வீட்டு நாஸ் பெட்டியில் யாருக்கு எந்தக் கோப்புறை: கணக்குகளும் அனுமதிகளும்

நாஸ் பெட்டி என்பது வீட்டிலுள்ள எல்லாக் கணினிகளும் கைபேசிகளும் வீட்டு நெட்வொர்க் வழியாகப் பகிர்ந்துகொள்ளும் சேமிப்புப் பெட்டி. அதன் அமைப்புப் பக்கத்தைத் திறப்பதற்கு முன் ஒரு தாளையும் பேனாவையும் எடுத்துக்கொள்ளுங்கள். பழைய வண்ணாரப்பேட்டையில் எங்கள் வீட்டின் கீழ்த்தளத்தில் அப்பாவின் ஜவுளிக் கிடங்கும், முதல் மாடியில் நாங்களும், இரண்டாம் மாடியில் சித்தப்பா குடும்பமும் இருக்கிறோம். எம்.சி. ரோட்டுக் கடையின் பில்கள், கல்யாணப் புகைப்படங்கள், பிள்ளைகளின் பள்ளிப் பாடங்கள் எல்லாம் ஒரே பெட்டியில்தான் கிடக்கின்றன. பெட்டி வாங்கிய முதல் ஆண்டு எல்லோரும் ஒரே பெயரிலும் ஒரே கடவுச்சொல்லிலும் நுழைந்துகொண்டிருந்தோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை கடை பில்கள் இருந்த கோப்புறை காணாமல் போயிற்று. பதிவுகளை எடுத்துப் பார்த்தால், அழித்தவர் என்ற இடத்தில் என் பெயர் இருந்தது. வீட்டில் ஏழு பேருக்கும் அந்த ஒரு பெயர்தானே! அழித்த கோப்புகளை எடுத்து வைத்திருக்கும் ‘ரீசைக்கிள் பின்’ இயங்கிக்கொண்டிருந்ததால் பில்கள் திரும்பக் கிடைத்தன, ஆனால் யார் கை பட்டது என்பது இன்றுவரை தெரியாது.

ஆகவே தாளில் இடப்பக்கம் ஆட்களின் பெயர்களையும், மேலே கோப்புறைகளின் பெயர்களையும் எழுதிக் கட்டம் போடுங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் ‘எழுதலாம்’, ‘படிக்க மட்டும்’ என்ற இரண்டில் ஒன்றை எழுதுங்கள். தேவையில்லாத கட்டத்தைக் காலியாகவே விடுங்கள். ஒரே மாதிரியான வரிசைகள் வரும் ஆட்களை ஒரு குழுவாக வட்டமிடுங்கள். எங்கள் தாளில் ‘கடை’, ‘குடும்பம்’, ‘பிள்ளைகள்’ என்று மூன்று வட்டங்கள் வந்தன. அனுமதியை ஆளுக்கு ஆள் கொடுக்காமல் குழுவுக்கே கொடுத்தால், நாளை கடைக்குப் புதிதாக ஒருவர் வரும்போது அவரைக் குழுவில் சேர்ப்பதோடு வேலை முடிந்துவிடும்.

இனிப் பெட்டிக்கு வருவோம். நான் சினாலஜி நிறுவனத்துப் பெட்டிகளின் இயங்குதளமான டிஎஸ்எம் 7இன் திரையை வைத்து விளக்குகிறேன். இன்னொரு நிறுவனமான கியூநாப்பின் பெட்டி வைத்திருப்பவர்களுக்குப் பெரும்பாலும் மெனுவின் பெயர்கள்தான் மாறும்.

முதலில் நிர்வாகிக் கணக்கு. டிஎஸ்எம் 7ஐப் புதிதாக நிறுவும்போது நீங்கள் விரும்பும் பெயரில் நிர்வாகிக் கணக்கை உருவாக்கச் சொல்லும்; ‘அட்மின்’ என்ற பழைய பெயர் முடக்கப்பட்டே இருக்கும். பழைய பெட்டியாக இருந்தால் அந்தப் பெயர் இன்னும் இயங்குகிறதா என்று பார்த்து முடக்கிவிடுங்கள். 2019 ஜூலையில் இணையத்தில் திறந்து கிடந்த நாஸ் பெட்டிகளின் நிர்வாகிக் கணக்குகளைக் குறிவைத்து, கடவுச்சொற்களை ஒவ்வொன்றாக முயன்று உள்ளே நுழைந்தவர்கள் கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்டார்கள்; சினாலஜி நிறுவனமே அப்போது எச்சரிக்கை வெளியிட்டது. நிர்வாகிக் கணக்கில் இரண்டு படிச் சரிபார்ப்பை இயக்குங்கள். அதை அமைப்பு மாற்றுவதற்கு மட்டும் பயன்படுத்துங்கள். உங்கள் அன்றாட வேலைக்கு உங்களுக்கும் ஒரு சாதாரணக் கணக்கு வேண்டும்.

அடுத்து, கண்ட்ரோல் பேனலில் ‘யூசர் அண்ட் குரூப்’ பகுதிக்குச் சென்று முதலில் குழுக்களையும் பிறகு ஆட்களையும் உருவாக்குங்கள். பயனர் பெயர் ஆங்கிலச் சிற்றெழுத்தில், இடைவெளியின்றி இருக்கட்டும். டிவியின் ரிமோட்டில் தட்ட வேண்டிய நாள் வரும்போது இதன் அருமை தெரியும். அதே பகுதியின் ‘அட்வான்ஸ்டு’ தாவலில் ‘யூசர் ஹோம்’ சேவையை இயக்கினால் ஒவ்வொருவருக்கும் தனிக் கோப்புறை கிடைக்கும். கைபேசிப் படங்கள் அவரவர் இடத்தில் தாமாகச் சேர்வதற்கும் அது தேவை. ஆனால் அந்தத் தனிக் கோப்புறைகளை நிர்வாகி பார்க்க முடியும் என்பதை வீட்டாரிடம் முன்பே சொல்லிவிடுவதுதான் நேர்மை. என் தங்கை அதைக் கேட்ட பிறகு தன் நாட்குறிப்பைத் தன் மடிக்கணினிக்கே மாற்றிக்கொண்டாள். அவள் செய்தது சரிதான்.

பிறகு ‘ஷேர்டு ஃபோல்டர்’ பகுதியில் கோப்புறைகளை உருவாக்குங்கள். உருவாக்கும்போதே ரீசைக்கிள் பின்னை இயக்கி, அதை நிர்வாகி மட்டுமே திறக்கும்படி வையுங்கள். அனுமதியில்லாதவர்கள் கண்ணில் கோப்புறையே படாமல் மறைக்கும் வசதியும் அங்கே உண்டு.

இப்போது பலரும் இடறும் இடத்துக்கு வந்துவிட்டோம். அனுமதிப் பட்டியலில் ‘நோ ஆக்சஸ்’ (நுழைய மறுப்பு), ‘ரீட்/ரைட்’ (படிக்கலாம், எழுதலாம்), ‘ரீட் ஒன்லி’ (படிக்க மட்டும்) என்று மூன்று தேர்வுப் பெட்டிகள் இருக்கும். ஒருவருக்குத் தன் பெயரில் ஒன்றும் தன் குழுக்களின் வழியாக வேறொன்றும் கிடைக்கும்போது, ‘நோ ஆக்சஸ்’ எல்லாவற்றையும் முந்தும். அது இல்லையென்றால் ‘ரீட்/ரைட்’ முந்தும். ‘ரீட் ஒன்லி’ கடைசி. கியூநாப்பிலும் மறுப்பே முதலில் நிற்கும். சினாலஜியில் ஒவ்வொரு கணக்கும் ‘யூசர்ஸ்’ என்னும் பொதுக் குழுவில் கட்டாயம் இருக்கும், அதிலிருந்து யாரையும் நீக்க முடியாது. வெளியாட்கள் கடைக் கணக்கைப் பார்க்கக் கூடாது என்று நினைத்து அந்தப் பொதுக் குழுவுக்கு ‘நோ ஆக்சஸ்’ போட்டீர்களானால், அப்பா, நீங்கள், நிர்வாகி உட்பட அத்தனை பேருக்கும் கதவு சாத்தப்பட்டுவிடும். அந்தக் குழுவுக்கு எதிரே உள்ள மூன்று தேர்வுப் பெட்டிகளையும் காலியாக விட்டாலே போதும். எந்த வழியிலும் அனுமதி பெறாதவர் உள்ளே வர முடியாது. ஒரு குழுவில் இருக்கும் ஒரே ஒருவரை மட்டும் விலக்க வேண்டிய அரிய சூழலுக்குத்தான் ‘நோ ஆக்சஸ்’ இருக்கிறது.

இந்த வரிசையை நமக்குச் சாதகமாகவும் பயன்படுத்தலாம். ‘புகைப்படம்’ கோப்புறையில் ‘குடும்பம்’ குழுவுக்கு ‘ரீட் ஒன்லி’ கொடுத்துவிட்டு, படங்களை ஒழுங்குபடுத்தும் அம்மாவையும் சித்தியையும் ‘ரீட்/ரைட்’ உள்ள இன்னொரு சிறு குழுவிலும் சேர்த்திருக்கிறேன். பெரிய அனுமதி முந்துவதால் அவர்கள் இருவரால் எழுத முடிகிறது. மற்றவர்கள் பார்ப்பதோடு சரி.

கணக்கிட்டுப் பார்த்துக் குழம்ப வேண்டியதில்லை. ஒரு பயனரைத் திருத்தும் திரையின் ‘பர்மிஷன்ஸ்’ தாவலில் ‘ப்ரிவ்யூ’ என்று ஒரு நெடுவரிசை இருக்கிறது. எல்லாவற்றையும் கூட்டிக் கழித்து அவருக்கு இறுதியில் என்ன கிடைக்கிறது என்பதை அது காட்டும். தாளில் நீங்கள் போட்ட கட்டத்தோடு அதை ஒப்பிட்டுப் பாருங்கள்.

எல்லாம் சரியாக இருந்தும் விண்டோஸ் கணினி ‘அனுமதி இல்லை’ என்றே அடம்பிடித்தால், பெரும்பாலும் பழுது பெட்டியில் இல்லை. விண்டோஸ் ஒரு நேரத்தில் ஒரு சர்வரோடு (இங்கே நாஸ் பெட்டியோடு) ஒரே பெயரில்தான் பேசும். முன்பு பொதுக் கணக்கில் நுழைந்த நினைவு அதில் தங்கியிருக்கும். சேமித்த பெயர்களையும் கடவுச்சொற்களையும் விண்டோஸ் வைத்திருக்கும் ‘கிரெடென்ஷியல் மேனேஜர்’ பகுதியைத் திறந்து, நாஸின் பெயரிலோ 192.168.1.20 போன்ற அதன் முகவரியிலோ சேமித்திருக்கும் பதிவை நீக்கி, கணினியில் சைன் அவுட் செய்து மீண்டும் நுழையுங்கள். இந்தத் தொல்லைக்குப் பயந்து, கடவுச்சொல் இல்லாமல் யாரும் நுழையக்கூடிய கெஸ்ட் கணக்கை இயக்கிவிடாதீர்கள். யார் செய்தார் என்று தெரியாத பழைய நிலைக்கே அது திரும்பிப் போகும். தவிரவும் விண்டோஸ் 11 புரோ, 24எச்2 பதிப்பிலிருந்து கெஸ்ட் இணைப்பை இயல்பாகவே மறுத்துவிடுகிறது.

ஒவ்வொரு கணக்கிலும் நீங்களே ஒருமுறை நுழைந்து, செய்யக் கூடாததைச் செய்ய முயன்று பாருங்கள். பிள்ளைகளின் கணக்கில் நுழைந்து, கல்யாணப் படக் கோப்புறையில் நகலெடுத்து வைத்த ஒரு படத்தை அழிக்கப் பாருங்கள். மறுப்புச் செய்தி வந்தால்தான் வேலை முடிந்தது.

வெளியாட்களுக்கு ஒரு குறிப்பு. எங்கள் ஆடிட்டரின் உதவியாளர் சில மாதங்களுக்குக் கடைக் கணக்குகளைப் பார்க்க வருவார். அவருடைய கணக்கை உருவாக்கும்போதே ‘ரீட் ஒன்லி’ கொடுத்து, காலாவதி நாளாக ஜூலை 31 என்று குறித்துவிடுகிறேன். அன்றோடு அது தானாக முடங்கும். கணக்கை அழிப்பதில்லை, அடுத்த ஆண்டு தேதியை மாற்றினால் போதும்.