மெட்டுத் திருட்டு என்று சொல்வதற்கு முன்

கொடைக்கானலில் இருபது ஆண்டுகளாக வயலின் கற்றுத்தருகிறேன். பனி இறங்கும் மாதங்களில் தந்திகளை முறுக்கும் பிருடைகள் ஈரத்தில் ஊறி இறுகிக்கொள்ளும். சுருதி சேர்க்கவே கால்மணி நேரம் பிடிக்கும். அப்படியொரு மாலையில் பூம்பாறையிலிருந்து வரும் மாணவி கைபேசியை நீட்டினாள். "சார், இந்தப் பாட்டு அந்தப் பாட்டின் அப்பட்டமான நகல். கேட்டுப் பாருங்கள்." ஒன்றுபோலத்தான் இருந்தது. ஆனாலும் நோட்டை எடுக்கச் சொன்னேன்.

நீங்களும் நோட்டிலிருந்தே தொடங்குங்கள். குரலும் வாத்தியங்களும் காதை ஏமாற்றும். ஆகவே சொற்களை விட்டுவிட்டு, இரண்டு பல்லவிகளையும் ஒரே சுருதியில், ஒரே வேகத்தில் முணுமுணுத்துப் பாருங்கள். பிறகு சுவரங்களை ஒன்றின்கீழ் ஒன்றாக எழுதுங்கள். எந்தச் சுவரம் எவ்வளவு நேரம் நிற்கிறது, தாளத்தில் எடுப்பு, அதாவது பாட்டு தொடங்கும் இடம், எங்கே விழுகிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். இவ்வளவும் செய்யாமல் தீர்ப்புச் சொல்பவர்கள்மீது எனக்குக் கோபம் உண்டு. ஒருவரைத் திருடர் என்பது சின்னச் சொல்லா?

அடுத்து, ராகத்துக்கே உரிய பொதுச்சொத்தை நோட்டில் கோடு போட்டு அடித்துவிடுங்கள். 'கமநிதமநிநிச' என்பது ரீதிகௌளை ராகத்தின் பிடி, அதை அடையாளம் காட்டும் சுவரக்கோவை. அது இல்லாமல் அந்த ராகமே இல்லை. 'சின்னக் கண்ணன் அழைக்கிறான்' (1977), 'அழகான ராட்சசியே' (1999), 'கண்கள் இரண்டால்' (2008) மூன்றும் ரீதிகௌளைதான். அக்காள் தங்கைகள்போல முகச்சாயல் இருக்கும். ஆனால் மூன்றும் வேறு வேறு பாட்டுகள்.

இன்னொருவர் பாட்டிலிருந்து இவ்வளவு நொடி வரை எடுத்துக்கொள்ளலாம் என்று பலரும் சொல்வார்கள். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தில் அப்படி ஒரு கணக்கே கிடையாது. இசையமைத்தவரின் வாழ்நாள் முழுதும், அதன்பின் 60 ஆண்டுகளும் மெட்டுக்கு உரிமை உண்டு.

அடித்தது போக மீதியும் சுவரம், அளவு, எடுப்பு மூன்றிலும் பொருந்துகிறதா? அவசரப்படாதீர்கள். இரண்டுக்கும் பொதுவாக ஒரு தாய் இருக்கிறாளா என்று தேடுங்கள். எங்கள் நோட்டில் அதுதான் நடந்தது. ராகம் செஞ்சுருட்டி; மும்மூன்றாக எண்ணும் திஸ்ர நடை. மூன்றாம் அடியை நான் வில்லில் இழுத்ததும் அவளே கையை நீட்டி நிறுத்தினாள். "சார், இது எங்கள் குழந்தை வேலப்பர் கோயிலில் காவடி எடுக்கும்போது பாடுவது!" இரண்டு படப்பாட்டும் காவடிச்சிந்திலிருந்து வந்தவை. அண்ணாமலை ரெட்டியார் காவடிச்சிந்து பாடியது 19ஆம் நூற்றாண்டில்; ஆகவே இன்று அது எல்லோருக்கும் பொது.

எடுப்பது குற்றமல்ல; எங்கிருந்து எடுத்தோம் என்பதை மறைப்பதுதான் எனக்குப் பொறுக்காது. 1986இல் இளையராஜா வெளியிட்ட இசைத்தொகுப்பில் ஜெர்மானிய இசையமைப்பாளர் பாக் (Bach) எழுதிய வயலின் இசையை எடுத்தாண்ட பகுதிக்குத் தலைப்பிலேயே பாகின் பெயர் இருக்கிறது. நாங்கள் பார்த்த இரண்டு படங்களிலும் காவடிச்சிந்து என்று ஒரு வரிகூட இல்லை.

ஆகவே தாயைத் தேடும்போது பழைய படங்களோடு நின்றுவிடாதீர்கள். தாலாட்டு, ஒப்பாரி, கோயில் பாட்டு எல்லாவற்றையும் கேளுங்கள். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் முதலில் அவர்களைப் பாடச் சொல்லுங்கள். மறுவாரம் அந்தப் பெண் தன் பாட்டி பாடிய நான்கு சிந்துகளைப் பதிவு செய்துகொண்டு வந்தாள். மூன்றை எழுதிவிட்டோம். நான்காவதில், 'முருகா' என்று பாட்டி இழுக்கும் இடத்தில் ஒரு சுழிப்பு வருகிறது; அது இன்னும் பிடிபடவில்லை.