சமுதாயக் காவலில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருச்சி மாநகரக் காவல் ஆணையராக ஜே.கே. திரிபாதி 1999-ல் வந்தபின் நடந்த முயற்சியைத்தான் தமிழ்நாட்டில் சமுதாயக் காவலுக்கு, அதாவது போலீசும் மக்களும் சேர்ந்து தெருவைக் காக்கும் முறைக்கு, இன்றும் முன்மாதிரியாகச் சொல்கிறோம். நகரத்தைப் பீட்களாக, அதாவது சிறுசிறு ரோந்துப் பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் குறிப்பிட்ட காவலர்களின் பொறுப்பில் விட்டார்கள். புகார்ப் பெட்டிகள் வைத்தார்கள். குடிசைப் பகுதிகளைத் தத்தெடுத்தார்கள். பெண்களுக்கென உதவி எண் தொடங்கினார்கள். இந்த நான்கையும் எந்த நடுத்தர நகரமும் செய்துவிடலாம். பிறகும் திட்டம் படுத்துவிடுவது ஏன் என்று பார்த்தால், பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் கோளாறு இருக்கும்: தெரு சொன்னதற்கு ஸ்டேஷன் பதில் சொல்வதில்லை. கீழே வரும் தவறுகள் அநேகமாக எல்லாமே அதன் கிளைகள்தான்.

பீட் காவலரைப் பிடுங்கிப் பிடுங்கி நடுவது

கேரளத்தில் 2008-ல் தொடங்கிய ஜனமைத்ரி திட்டத்தில் ஒரு பீட்டுக்குச் சுமார் 500 வீடுகள் என்று கணக்கு வைத்தார்கள். அதை நம் ஊர் வேலைநாளில் பொருத்திப் பாருங்கள். ஒரு காவலர் நாளுக்கு 8 வீடு, மாதம் 20 நாள் என்று போனால் 160 வீடு. ஒரு சுற்று முடியவே மூன்று மாதத்துக்கு மேல் ஆகும். இடையில் வைகுண்ட ஏகாதசிக்கு ஸ்ரீரங்கம் பந்தோபஸ்து, அமைச்சர் வருகை, கட்சி மாநாடு, தேர்தல் என்று பாதி நாட்களை எடுத்துக்கொண்டால் ஆறு மாதம் ஓடிவிடும். ஏழாவது மாதம் அவரையே மாற்றிவிட்டால், அறிமுகமான முகம் ஒன்றுகூடத் தெருவில் மிஞ்சாது.

பீட்டுக்கு இரண்டு பேரைப் போட்டு, பந்தோபஸ்துக்கு ஒருவரை மட்டும் எடுப்பது என்று இன்ஸ்பெக்டர் எழுத்தில் உறுதி செய்ய வேண்டும். குறைந்தது இரண்டு வருடமாவது அவர்கள் அங்கேயே இருக்கட்டும். மாற்றல் வந்தால் பழையவரும் புதியவரும் ஒரு வாரம் சேர்ந்து நடக்கட்டும். பலரும் கவனிக்காத இன்னொன்று, செல்போன் எண். அது பீட்டுக்குச் சொந்தமாக இருக்க வேண்டும், ஆளுக்கு அல்ல. சொந்த எண்ணைக் கொடுத்துவிட்டு ஏட்டு மாற்றலாகிப் போனால், இரவு பதினோரு மணிக்குப் பதறி அழைக்கும் பாட்டிக்கு வேறு ஊரிலிருந்து "நான் இப்போ அங்க இல்லம்மா" என்ற பதில்தான் கிடைக்கும்.

ரோந்து போகும் இடங்களில் வைத்திருக்கும் பட்டா புத்தகத்தில் கையெழுத்து விழுந்தால் ரோந்து நடந்ததாகக் கணக்கு. காவலர் அந்த இடத்துக்கு வந்தார் என்பதற்கு மட்டுமே அது சாட்சி, யாரிடமாவது பேசினார் என்பதற்கு அல்ல. தனியாக வசிக்கும் முதியவர் வீடு, எரியாத விளக்குக் கம்பம், ஊருக்குப் போய்ப் பூட்டிக் கிடக்கும் வீடு, இரவில் கூட்டம் கூடும் காலிமனை, போன தடவை சொன்ன குறை, அதற்கு என்ன செய்தோம் என்று தனி நோட்டு ஒன்று வேண்டும். சாதி, மதம், யார் வீட்டுக்கு யார் வந்து போகிறார் என்பதெல்லாம் அந்த நோட்டில் ஏறவே கூடாது. அது ஏறிய நாளில் தெரு வாயை மூடிக்கொள்ளும்.

குழு என்ற பெயரில் பிரமுகர் சபை

போலீசும் மக்களும் கூடிப் பேசும் குழுவில் நலச் சங்கத் தலைவர், வணிகர் சங்கச் செயலாளர், முன்னாள் கவுன்சிலர், ஓய்வுபெற்ற அதிகாரி என்று சேர்த்துவிட்டால் கூட்டம் சுமுகமாக நடக்கும். அவர்கள் சொல்வதும் உண்மைதான்: பைக் திருட்டு, பார்க்கிங் தகராறு. ஆனால் டாஸ்மாக் கடை ஓரம் நடந்து வேலைக்குப் போகும் பெண்ணும், தள்ளுவண்டிக்காரரும், வாடகை வீட்டு மாணவரும், வடமாநிலத் தொழிலாளியும் பார்க்கும் தெரு வேறு. பதினைந்து பேர் குழுவென்றால் பாதிப் பேராவது பெண்கள் இருக்கட்டும். குடிசைப் பகுதியிலிருந்தும் வாடகைக்குக் குடியிருப்பவர்களிலிருந்தும் தலா இரண்டு பேர் கட்டாயம். கட்சிப் பொறுப்பில் இருப்பவர், குற்ற வழக்கு உள்ளவர், வட்டிக்கு விடுபவர் வேண்டாம். மாலை ஆறரை மணிக்குக் கல்யாண மண்டபத்தில் கூட்டம் வைத்துவிட்டுப் பெண்கள் வரவில்லை என்று குறைப்படுவதில் நியாயமில்லை. ஞாயிறு மதியம் அங்கன்வாடியிலோ பள்ளியிலோ வைத்தால் வருவார்கள்.

கூட்டத்தில் மூன்று குறைக்கு மேல் எடுக்காதீர்கள். ஒவ்வொன்றுக்கும் பொறுப்பானவர் யார், எந்தத் தேதிக்குள் என்று எழுதி, அடுத்த கூட்டத்தை அந்தத் தாளிலிருந்தே தொடங்குங்கள். முடியாது என்றால் முடியாது என்று சொன்னாலும் சரி, மக்கள் ஏற்றுக்கொள்வார்கள். தெருவிளக்கு மாநகராட்சி வேலை என்று கைகழுவ வேண்டாம். மனுவை அனுப்பிய தேதியைச் சொல்லுங்கள்.

புகார்ப் பெட்டியிலும் இதே கதைதான். டீக்கடை வாசலில் பெட்டி வைத்தால் யார் போடுகிறார் என்று ஊரே பார்க்கும். சாவி அதே ஸ்டேஷனில் இருந்தால், அந்த ஸ்டேஷனைப் பற்றிய புகார் ஒன்றுகூட விழாது. நூலகம், தபால் நிலையம், ரேஷன் கடை போலப் பலரும் பல வேலையாக வரும் இடத்தில் வையுங்கள். சாவி ஆணையர் அலுவலகத்திலோ மாவட்டக் கண்காணிப்பாளர் அலுவலகத்திலோ இருக்கட்டும். வாரம் ஒரு நாள் திறக்க வேண்டும்.

தன்னார்வலர் கையில் லத்தி

இதைத்தான் ஆகப் பெரிய தவறு என்போம். ராமநாதபுரத்தில் 1993-ல் காவல் அதிகாரி பிரதீப் வி. பிலிப் தொடங்கிய 'ஃப்ரண்ட்ஸ் ஆஃப் போலீஸ்' அமைப்பு மக்களையும் காவல்துறையையும் நெருங்க வைக்க எழுந்தது. சாத்தான்குளத்தில் ஜெயராஜ், பென்னிக்ஸ் இருவரும் 2020 ஜூனில் காவலில் வதைபட்டு இறந்தபோது, ஸ்டேஷன்களில் தன்னார்வலர்களுக்கு என்ன வேலை என்ற கேள்வி வெடித்தது. தங்களுக்கு அதில் தொடர்பில்லை என்று அமைப்பு மறுத்தது. ஆனாலும் ஜூலையில் தமிழ்நாடு அரசு அதற்குத் தடை விதித்தது.

தன்னார்வலர் செய்யலாம் என்பதற்கு எல்லை போட்டாக வேண்டும்: திருவிழாவில் வழிகாட்டுவது, காணாமல் போன குழந்தையைத் தேட உதவுவது, முதியவர் வீட்டுக்குப் போய் விசாரிப்பது, தகவல் சொல்வது. வண்டியை மறிப்பது, அடையாள அட்டை கேட்பது, விசாரணையில் உட்கார்வது, லாக்கப் பக்கம் போவது எதுவும் கூடாது. லத்தி, காக்கி சாயல் உடை, வண்டியில் 'போலீஸ்' ஸ்டிக்கர் கூடவே கூடாது. தன் கண்முன் ஜாமீனில் விட முடியாத, பிடியாணையின்றிக் கைது செய்யக்கூடிய குற்றம் நடந்தால் பொதுமகனும் ஒருவரைப் பிடித்து வைக்கலாம். புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 40-ஆம் பிரிவு இதை அனுமதிக்கிறது. ஆனால் ஆறு மணி நேரத்துக்குள் போலீசிடம் ஒப்படைத்தாக வேண்டும். சந்தேகத்தின்பேரில் பிடித்துக் கட்டி வைப்பதற்கு அந்தப் பிரிவில் இடமே இல்லை.

வாட்ஸ்அப் குழுவில் 'உஷார்' படங்கள்

2018 மே மாதம், குழந்தை கடத்தல் வதந்தி செல்போன்களில் பரவிக் கிடந்த நேரத்தில், திருவண்ணாமலை மாவட்டத்தில் போளூர் அருகே குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்த 65 வயதுப் பெண் ஒருவரைக் கூட்டம் அடித்தே கொன்றது. குலதெய்வம் கும்பிட வந்தவர் அவர். எந்தத் தெருக் குழுவிலும் அந்நியர் ஒருவரின் படத்தைப் போட்டு "இவர் சுற்றுகிறார், உஷார்" என்று எழுதும் முன் இதை நினைக்க வேண்டும்.

குழுவில் செய்தி போடும் உரிமை பீட் காவலருக்கும் இரண்டு நிர்வாகிகளுக்கும் மட்டும் இருக்கட்டும். மற்றவர்கள் தனிச்செய்தியில் காவலருக்கு அனுப்பட்டும். அவசரம் என்றால் குழு வேண்டாம், 112 அல்லது 100. குழந்தைகளுக்கு 1098, பெண்களுக்கு 181, இணையப் பண மோசடிக்கு 1930. மோசடியில் பணம் கைமாறுவதற்குள் முடக்க வேண்டும், ஆகவே மணிக்கணக்கில் தள்ளிப்போடக் கூடாது.

கேமரா வைத்தால் போதும் என்ற நினைப்பு

மூன்றாவது கண் என்று வசூல் செய்து எட்டு கேமரா மாட்டுவார்கள். சம்பவம் நடந்தபின் பார்த்தால் ஹெல்மெட்டின் மண்டை மட்டும் தெரியும், அல்லது பதிவே இருக்காது. முகத்தை அடையாளம் காண ஒரு மீட்டர் அகலத்துக்கு 250 பிக்சல் தேவை. 1920 பிக்சல் அகலமுள்ள இரண்டு மெகாபிக்சல் கேமரா ஏறத்தாழ ஏழரை மீட்டர் அகலத்துக்குத்தான் தாங்கும். முழு நாற்சந்தியையும் ஒரே கேமராவில் அடக்கினால் ஆட்டோ எது, ஆள் எது என்பதுதான் தெரியும். தெருவின் நுழைவில் மூன்று மீட்டர் உயரத்தில் ஒன்று, முகத்துக்கு. கொஞ்சம் தள்ளி இன்னொன்று, நம்பர் பிளேட்டுக்கு.

சேமிப்புக் கணக்கு இது: ஒரு கேமரா நொடிக்கு 2 மெகாபிட் பதிந்தால் நாளுக்கு 21.6 ஜி.பி. எட்டு கேமரா, 30 நாள் என்றால் 5 டி.பி.க்கு மேல் வேண்டும். கடைக்காரர் கொடுக்கும் 1 டி.பி. ஆறு நாள்கூட வராது. ரிக்கார்டரின் கடிகாரத்தை மாதம் ஒரு முறை சரிபாருங்கள். பத்து நிமிடம் பிசகினால் கோர்ட்டில் எதிர்த்தரப்பு வக்கீல் அதையே பிடித்துக்கொள்வார். பதிவை வாட்ஸ்அப்பில் அனுப்புவது சாட்சியம் ஆகாது. புதிய சாட்சியச் சட்டமான சாட்சிய அதினியத்தின் 63-ஆம் பிரிவுப்படி சான்றிதழும், பதிவை யாரும் மாற்றவில்லை என்று சரிபார்க்க உதவும் ஹாஷ் மதிப்பும் தேவை, எனவே மூலக் கருவியைப் போலீசே கையாளட்டும்.

குழுவில் வைத்துப் பஞ்சாயத்து

குப்பை, சத்தம், பார்க்கிங் தகராறுகளைப் பேசித் தீர்க்கலாம். மனைவியை அடித்த வழக்கு, வரதட்சணை, சாதி வன்கொடுமை, குழந்தை மீதான பாலியல் குற்றம் எதையும் குழுவில் எடுக்கக் கூடாது. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் கீழ் வரும் குற்றத்தை அறிந்தும் சொல்லாமல் இருப்பதே தண்டனைக்குரியது. "குடும்ப மானம்" என்று சமரசம் பேசும் உறுப்பினரை அன்றே நீக்குங்கள்.

கடைசியாக மேலதிகாரிகளுக்கு. திட்டம் வேலை செய்யத் தொடங்கினால் முதல் மாதங்களில் புகார் கூடும், ஏனென்றால் அதுவரை சொல்லாதவர்கள் சொல்கிறார்கள். "உன் லிமிட்டில் ஏன் கிரைம் ஏறுது?" என்று கேட்டால் இன்ஸ்பெக்டர் எப்.ஐ.ஆர். போடுவதை நிறுத்திவிட்டு சி.எஸ்.ஆர். ரசீது கொடுத்தனுப்பத் தொடங்குவார். பொதுமக்களும் அந்த ரசீதை எப்.ஐ.ஆர். என்று நம்பி வீட்டுக்குப் போகக் கூடாது. அது மனு பெற்றதற்கான அத்தாட்சி மட்டுமே. பிடியாணையின்றிக் கைது செய்யக்கூடிய குற்றமென்றால் நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆம் பிரிவுப்படி எந்த ஸ்டேஷனிலும் எப்.ஐ.ஆர். கேட்கலாம், நகல் இலவசம். மூன்று முதல் ஏழு ஆண்டுக்குள் தண்டனை உள்ள குற்றங்களில் மட்டும், டி.எஸ்.பி. அனுமதியுடன், பதினான்கு நாள் முதற்கட்ட விசாரணைக்கு இடமுண்டு. மறுத்தால் கண்காணிப்பாளருக்குத் தபாலில் எழுதுங்கள், மாநகரமானால் ஆணையர் அலுவலகத்துக்கு. அங்கும் நடக்காவிட்டால் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம்.