தினமும் உடன் வைத்திருக்க ஒரு குட்டி ரிவால்வர்: தேர்வும் பழக்கமும்

ஒஹாயோவில் வீடு விற்றுக்கொடுப்பது என் தொழில். ஆளில்லாத வீட்டுக்கு, போனில் மட்டும் பேசியிருக்கும் ஒருவரை வரச்சொல்லி, கதவைத் திறந்து, மாடி முதல் பேஸ்மென்ட் வரை தனியாகச் சுற்றிக்காட்ட வேண்டும். எந்த அறைக்கும் வந்தவரை முன்னால் விட்டுத்தான் நான் நுழைவேன். கார் சாவி கையிலேயே இருக்கும், போகும் இடம் வீட்டில் ஒருவருக்குத் தெரிந்திருக்கும். இதையெல்லாம் செய்த பிறகும் ஒரு பயம் மிச்சமிருந்தது. அதற்காகத்தான் ரிவால்வர். எட்டு வருடமாக வேலை நாள் ஒவ்வொன்றிலும் அது என் வலது பாக்கெட்டில் இருக்கிறது. தோழிகள் கேட்கும்போதெல்லாம் தனித்தனியாகச் சொன்னதை இங்கே ஒரே இடத்தில் எழுதிவைக்கிறேன்.

முதலில் சட்டம், ஏனென்றால் நம்மவர்கள் பலர் தடுக்கி விழுவது இங்கேதான். எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் அமெரிக்காவில் இருப்பவர்கள் துப்பாக்கி வைத்திருப்பதைக் கூட்டாட்சிச் சட்டம் பொதுவாகத் தடைசெய்கிறது. வேட்டை லைசென்ஸ் போன்ற சில குறுகிய விலக்குகள் மட்டும் உண்டு. கிரீன் கார்டு வந்தவர்களுக்கு அந்தத் தடை இல்லை. அப்புறம், மறைத்து எடுத்துச் செல்லும் விதிகள் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். ஒஹாயோவில் 2022 ஜூன் முதல், 21 வயது நிரம்பிய, சட்டத் தடை ஏதுமில்லாத ஒருவர் லைசென்ஸ் இல்லாமலே எடுத்துச் செல்லலாம். ஆனாலும் நான் 8 மணி நேரப் பயிற்சி முடித்து, கவுண்டி ஷெரிஃபிடம் வாங்கிய லைசென்ஸை விடாமல் புதுப்பிக்கிறேன். வேறு பல மாநிலங்களிலும் அது செல்லும்.

அந்தப் பயிற்சி வகுப்பில்தான் நான் ரிவால்வர் பக்கம் வந்தேன். எனக்கு இரண்டு கட்டைவிரல்களின் அடிமூட்டிலும் தேய்மானம் இருக்கிறது. குளிர்காலக் காலையில் ஊறுகாய் பாட்டில் மூடியைத் திறப்பதே கஷ்டம். கையில் கொடுத்த சிறிய 9 மி.மீ. பிஸ்டலின் ஸ்லைடை, அதாவது முன்னும் பின்னும் நகரும் மேல்பாகத்தை, மூன்றாவது முறை இழுக்கும்போது விரல் விட்டுப்போனது. சுட்டபோது மணிக்கட்டு தளர்ந்திருந்ததால் காலித் தோட்டா ஸ்லைடுக்கு நடுவில் சிக்கி நட்டுக்குத்தலாக நின்றது. பயிற்சியாளர் பொறுமையானவர், உள்ளங்கையால் மேலிருந்து பிடித்து, இழுக்காமல் துப்பாக்கியை முன்னால் தள்ளச் சொன்னார். அது நல்ல முறைதான், பலருக்கு அதுவே போதும். ஸ்லைடு இலகுவாக நகரும்படி 2018-இல் வந்த ஷீல்டு ஈஸி போன்ற மாடல்களும் உண்டு. ஆனால் என் கை நன்றாக இருக்கும் நாளில் மட்டும் வேலை செய்யும் ஆயுதம் எனக்கு வேண்டாம் என்று அன்றே முடிவு செய்தேன்.

இரண்டுக்கும் அடிப்படையில் என்ன வித்தியாசம் என்பதைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் சுலபமாகப் பிடிபடும். பிஸ்டல், சுட்ட தோட்டாவின் விசையை வாங்கித் தன் ஸ்லைடைப் பின்னால் தள்ளி, காலியை வெளியே எறிந்து, அடுத்ததை மேகசினிலிருந்து, அதாவது தோட்டா அடுக்கிய பெட்டியிலிருந்து, ஏற்றிக்கொள்கிறது. அதற்கு உங்கள் மணிக்கட்டு உறுதியாக நிற்க வேண்டும், தோட்டா சரியான வலிமையோடு வெடிக்க வேண்டும், ஸ்லைடு நகர இடம் வேண்டும். ரிவால்வரில், தோட்டாக்கள் இருக்கும் உருளையான சிலிண்டரைச் சுற்றுவது டிரிக்கரை இழுக்கும் உங்கள் விரல். ஒரு தோட்டா வெடிக்கவில்லையா, மறுபடி டிரிக்கரை இழுத்தால் அடுத்தது வந்து நிற்கும். கோட்டுப் பைக்குள் இருந்தபடியே சுட நேர்ந்தாலும், கட்டிப்பிடித்த ஒருவரின் உடம்போடு அழுத்தியபடி சுட நேர்ந்தாலும் பின்னால் தள்ளப்பட்டுத் திறந்துகொள்ள அதில் ஸ்லைடு இல்லை. என் வேலையில் ஆபத்து என்று வந்தால் அது கை எட்டும் தூரத்தில், ஒரு குறுகிய அறைக்குள்தான் வரும். அதனால் இந்தக் கணக்கு எனக்கு ஒத்துவருகிறது.

எதிர்க்கணக்கையும் மறைக்க மாட்டேன். என்னுடையதில் 5 தோட்டா. 2018-இல் வந்த சிக் பி365 என்ற பிஸ்டல் ஏறக்குறைய அதே அளவில், மேகசினில் மட்டும் 10 கொள்கிறது. 1986 ஏப்ரல் 11 அன்று மயாமியில் இரண்டு கொள்ளையர்களோடு நடந்த துப்பாக்கிச் சண்டையில் எஃப்.பி.ஐ. அதிகாரிகள் இருவர் இறந்தார்கள். அங்கிருந்த அதிகாரிகளில் பெரும்பாலோர் வைத்திருந்தது ரிவால்வர். அதற்குப் பிறகு அந்த அமைப்பே பிஸ்டலுக்கு மாறியது. துரத்திப் பிடிப்பது அவர்கள் வேலை. என்னுடையது கதவை நோக்கி ஓட இடம் உண்டாக்கிக்கொள்வது. கை நன்றாக இருந்து, மாதாமாதம் பயிற்சி செய்யவும் நேரம் இருப்பவர் பிஸ்டலை எடுத்தால் நான் மறுத்துப் பேச மாட்டேன்.

சரி, எதை வாங்குவது? சட்டைப்பைக்கு அடங்கும் ரிவால்வர் புதிதல்ல. கோல்ட் டிடெக்டிவ் ஸ்பெஷல் 1927-இல் வந்தது, ஸ்மித் அண்ட் வெசனின் சீஃப்ஸ் ஸ்பெஷல் 1950-இல் வந்தது. நான் வைத்திருக்கும் ஸ்மித் அண்ட் வெசன் 642 அந்த 1950 வடிவத்தின் வழிவந்ததுதான். அலுமினிய உடல், இரண்டு அங்குலத்துக்குச் சற்றுக் குறைவான குழல், .38 ஸ்பெஷல் என்ற வகைத் தோட்டா, எடை 400 கிராமுக்குக் கொஞ்சம் மேல். தோட்டாவை வெடிக்கவைக்கும் சுத்தியலான ஹாமர் முழுக்க உள்ளே மறைந்திருக்கும், அதனால் துணியில் மாட்டாது. 2009-இல் வந்த ரூகர் எல்.சி.ஆர். இதற்குச் சமமான போட்டி. டிரிக்கர் இன்னும் வழுவழுப்பாக இருக்கும், விரல் வலி உள்ளவர்கள் அதையும் கட்டாயம் இழுத்துப் பார்க்க வேண்டும். இவற்றையும்விட இலகுவாக, .357 மேக்னம் என்ற இன்னும் வலுவான தோட்டாவைச் சுடக்கூடியவையும் கடையில் இருக்கும். நான் ஒன்றைச் சுட்டுப் பார்த்தேன். இரண்டாவது தோட்டாவுக்கே உள்ளங்கை விண்விண்ணென்று தெறித்தது. வலிக்கிற துப்பாக்கியில் யாரும் பயிற்சி செய்ய மாட்டார்கள்.

கடையில் செய்ய வேண்டியது இது. சிலிண்டரைத் திறந்து ஐந்து துளையும் காலி என்று கண்ணால் பார்த்து, விரலாலும் தொட்டுப் பாருங்கள். பிறகு கடைக்காரரிடம் கேட்டுக்கொண்டு, ஆளில்லாத திசையில் நீட்டி டிரிக்கரைப் பத்து முறை முழுதாக இழுங்கள். பத்தாவது முறையும் கை நடுங்காமல் வந்தால் அது உங்களுக்கானது. சிலிண்டர் திறக்கும் பித்தானையும் கவனியுங்கள். ஸ்மித்தில் முன்னால் தள்ள வேண்டும், கோல்ட்டில் பின்னால் இழுக்க வேண்டும், ரூகரில் உள்ளே அழுத்த வேண்டும். என் கட்டைவிரலுக்கு அழுத்துவதும் தள்ளுவதும் சரி, இழுப்பது முடியாது. இதெல்லாம் கையில் எடுத்தால்தான் தெரியும், படத்தைப் பார்த்து வாங்கக் கூடாது.

"புதுசா வர்றவங்களுக்கு ரிவால்வர்தான் ஈஸி" என்று யாராவது சொன்னால் பாதிதான் நம்புங்கள். தோட்டா போடுவதும் எடுப்பதும் காலியா என்று பார்ப்பதும் எளிது. சுட்டு இலக்கில் பதிப்பதுதான் கடினம். டிரிக்கரை இழுக்க 10 முதல் 12 பவுண்டு வரை விசை வேண்டும். துப்பாக்கியோ ஒரு பவுண்டுகூட இல்லை. விரல் கொஞ்சம் அவசரப்பட்டாலும் குழலின் முனை இடம் மாறிவிடும். ஆகவே உங்கள் உழைப்பு முழுக்க டிரிக்கரில்தான் போக வேண்டும்.

நான் வாரத்தில் நான்கு நாள் பத்து நிமிடம் செய்வது: தோட்டாக்களை வேறு அறையில் வைத்துக் கதவைச் சாத்திவிடுவேன். சிலிண்டரில் ஐந்து போலித் தோட்டாக்கள் போடுவேன். இலக்கு ஒரு செங்கல் சுவர். துப்பாக்கியின் முதுகில், பார்வைக்குறிக்குச் சற்றுப் பின்னால், ஒரு டைம் (10 சென்ட்) நாணயத்தை வைத்து, அது விழாமல் டிரிக்கரை இழுப்பேன். விரல்நுனியால் இழுத்தால் பலம் போதாது. முதல் மூட்டின் மடிப்பு டிரிக்கரில் படிய வேண்டும். நடுவில் நிறுத்தி நிறுத்தி இழுக்காமல், இட்லி மாவு கரண்டியிலிருந்து இறங்குவதுபோல ஒரே ஓட்டமாக இழுங்கள். இழுத்த பிறகு டிரிக்கர் முழுதாக முன்னால் திரும்ப விட வேண்டும். பாதியில் மறுபடி இழுத்தால் டிரிக்கர் அடைத்துக்கொள்ளலாம், அல்லது சிலிண்டர் சுடாமலே ஒரு தோட்டாவைத் தாண்டிவிடலாம். பதற்றத்தில் எல்லோரும் செய்கிற தவறு இதுதான். முதல் மாதம் நாணயம் விழுந்துகொண்டே இருந்தது. மூன்றாம் மாதம் இருபதில் பதினெட்டு நின்றது.

ரேஞ்சில் 3 கெஜத்தில் ஆரம்பித்து 5, பிறகு 7 என்று போங்கள். 7 கெஜத்தில் ஐந்தும் ஒரு சாப்பாட்டுக் காகிதத் தட்டுக்குள் விழும்வரை நான் இதை வெளியே எடுத்துப்போகவில்லை. பிடிக்கும்போது எந்த விரலும் சிலிண்டருக்கு முன்னால் போகக் கூடாது. சிலிண்டருக்கும் குழலுக்கும் நடுவே உள்ள மெல்லிய இடைவெளியில் சூடான வாயு கத்திபோலப் பீறிடும், தோலைக் கிழிக்கும்.

தோட்டாவில் பெரிய ஆராய்ச்சி வேண்டாம். குறுகிய குழலுக்கென்றே ஸ்பீர் நிறுவனம் செய்யும் 135 கிரெய்ன் (குண்டின் எடை அளவு) கோல்ட் டாட் பலரும் வைத்திருப்பது. உதைப்பு தாங்காதவர்களுக்கு 148 கிரெய்ன் வாட்கட்டர் என்ற தட்டை முகத் தோட்டா நல்லது. மென்மையாகச் சுடும், குறியும் தப்பாது. அதன் முகம் தட்டையாக இருப்பதால் அவசரத்தில் துளைக்குள் சட்டென்று போகாது. அதனால் துப்பாக்கியில் வாட்கட்டர் போட்டாலும், மாற்றுத் தோட்டாவாகக் கூர்முகம் கொண்டதை வைத்துக்கொள்கிறேன். எதை வாங்கினாலும் ஒரு சோதனை உண்டு. ஐந்து போட்டு நான்கைச் சுடுங்கள். ஐந்தாவதை எடுத்துப் புதிய தோட்டா ஒன்றோடு பக்கத்தில் வைத்து உயரத்தைப் பாருங்கள். இலகுவான துப்பாக்கியின் உதைப்பில் குண்டு மெல்ல முன்னால் நகர்ந்து வந்துவிடும். அதிகமாக நீண்டால் சிலிண்டரே சுற்றாமல் பூட்டிக்கொள்ளும். நீண்டிருந்தால் அந்த வகை வேண்டாம்.

இனி எடுத்துச் செல்லும் விதம். கைப்பையில் போடாதீர்கள். பையைப் பறிப்பவன் துப்பாக்கியையும் சேர்த்துக் கொண்டுபோவான். திறந்த வீட்டின் சமையலறை மேடையில் பையை வைத்துவிட்டு அடுத்த அறைக்குப் போவது எவ்வளவு இயல்பாக நடக்கிறது என்று எனக்குத் தெரியும். பெண்களின் கால்சட்டைப் பைகள் ஆழமில்லாதவை, அதனால் நான் வேலைக்குப் போடும் எல்லாக் கால்சட்டைகளின் வலது பையையும் பிரித்து, கெட்டியான டிரில் துணியில் ஒன்றரை அங்குலம் ஆழமாக்கித் தைத்துக்கொண்டேன். உள்ளே டிரிக்கரை முழுக்க மூடும் பாக்கெட் ஹோல்ஸ்டர், அதாவது துப்பாக்கி உறை, கட்டாயம். அந்தப் பையில் வேறு எதுவும் போகக் கூடாது, லிப் பாம்கூட. திருப்பி வைக்கும்போது ஹோல்ஸ்டரை வெளியே எடுத்து, துப்பாக்கியை அதில் செருகி, இரண்டையும் சேர்த்துப் பைக்குள் இறக்குங்கள். இதில் இன்னொரு வசதி இருக்கிறது: வாசலில் ஒரு காரிலிருந்து சரியில்லாத ஆள் இறங்கினால், யாருக்கும் தெரியாமல் பாக்கெட்டில் கைவிட்டுக்கொண்டு நிற்கலாம். இடுப்பு ஹோல்ஸ்டரில் அப்படிச் செய்ய முடியாது. ஆனால் காரில் உட்கார்ந்து பெல்ட் போட்ட நிலையில் பாக்கெட்டிலிருந்து எடுப்பது ஏறக்குறைய முடியாத காரியம். குளிர்காலத்தில் கோட்டின் வெளிப்பைக்கு மாற்றிக்கொள்கிறேன். அந்தக் கோட்டை எங்கேயும் கழற்றி மாட்டுவதில்லை.

மாற்றுத் தோட்டாவுக்கு ஸ்பீட் ஸ்டிரிப் போதும், தட்டையான ரப்பர் பட்டை, இடது பையில் கிடக்கும். சிலிண்டரைத் திறந்து, அதன் முன்னால் இருக்கும் தள்ளுகம்பியை அழுத்திக் காலிகளைத் தள்ளும்போது குழல்முனை வானத்தைப் பார்க்க வேண்டும். கட்டைவிரலால் அழுத்தாமல் உள்ளங்கையால் ஓங்கி ஒரு அடி. எனக்கு வலிக்காத முறை இது, சுத்தமாகவும் விழும். முனை கீழே சாய்ந்திருந்தால் எரியாத மருந்துத்துகள் காலிகளை வெளியே தள்ளும் நட்சத்திர வடிவப் பகுதிக்கு அடியில் விழுந்து தங்கும். இரண்டு துகள் போதும், சிலிண்டர் மூடாது. பழைய பல்துலக்கும் பிரஷ் ஒன்றை அந்த இடத்துக்கென்றே வைத்திருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை மாலை தோட்டாக்களை எடுத்துவிட்டு டார்ச் அடித்துப் பார்ப்பேன். பாக்கெட்டில் இருப்பதால் பஞ்சும் தூசியும் டிரிக்கருக்குப் பின்னாலும் குழலுக்குள்ளும் சேரும். ஒரு வாரத்தில் சேர்வதைப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். தள்ளுகம்பி கழன்று வருகிறதா என்றும் விரலால் திருகிப் பார்க்க வேண்டும், கழன்றால் சிலிண்டர் திறக்காது. அப்புறம் வீட்டுக்குள் வந்ததும் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே, ஹோல்ஸ்டரோடு எடுத்து அலமாரியில் திருகிப் பொருத்திய பெட்டிக்குள் வைத்து எண்பூட்டை மூடிவிடுவேன். என் பேத்திக்கு நான்கு வயது, பாட்டியின் பாக்கெட்டில் மிட்டாய் தேடுகிற பழக்கம் அவளுக்கு உண்டு.