வெயிலில் மட்டும் இழுவை குறையும் கார்: சூடு ஆறுவதற்குள் பார்க்க வேண்டியவை

சித்திரை பிறந்துவிட்டால் வாணியம்பாடியில் என் ஒர்க்‌ஷாப்புக்கு ஒரே புகாரோடு கார்கள் வரும். "காலையில நல்லாத்தான் போகுது. மத்தியானம் மிதிச்சா ஏறவே மாட்டேங்குது." போன வருடம் ஏப்ரலில் ஒரு டீச்சர் வந்தார். வீடு ஏலகிரி மலை மேல், பள்ளிக்கூடம் கீழே. பள்ளிக்கூடம் விட்டதும் பொன்னேரியில் இருந்து 14 கொண்டை ஊசி வளைவு ஏற வேண்டும். ஐந்தாவது, ஆறாவது வளைவில் கார் மூச்சு வாங்க ஆரம்பிக்கும், முதல் கியரில் தள்ளாடித்தான் வீடு போய்ச் சேரும். ஒன்பது வயதான 1.2 லிட்டர் பெட்ரோல் வண்டி. என்னிடம் வருவதற்குள் ஸ்பார்க் பிளக், ஏர் ஃபில்டர், நாலு இக்னிஷன் காயில், இன்ஜெக்டர் கிளீனிங் என்று 14,000 ரூபாய் செலவழித்திருந்தார்.

"முன்னாடி பார்த்த மெக்கானிக்குகிட்ட எந்த நேரத்துல வண்டிய விட்டீங்க டீச்சர்?" என்று கேட்டேன்.

"காலையில எட்டரைக்கு விட்டுட்டு பஸ்ல போயிடுவேன் தம்பி."

அவ்வளவு செலவும் வீணானதற்குக் காரணம் அந்த எட்டரை மணிதான். இரவு முழுக்க ஆறிய இன்ஜினில் அந்தக் கோளாறு இருக்காது. இல்லாத கோளாறைத் தேடுகிறவர் சந்தேகப்படும் சாமானை எல்லாம் மாற்றித்தான் பார்ப்பார். வெயிலில் வரும் கோளாறை வெயிலில்தான் பிடிக்க வேண்டும்.

முதலில், எவ்வளவு குறைவது இயற்கை என்று தெரிந்துகொள்ளுங்கள். 25 டிகிரியில் இருந்த காற்று 42 டிகிரிக்குப் போனால் அதன் அடர்த்தி சுமார் 5 சதவீதம் குறையும். உள்ளே போகும் ஆக்சிஜன் குறைகிறது, பவரும் குறைகிறது. ஏலகிரி போல 1,000 மீட்டருக்கு மேல் ஏறினால் இன்னொரு பத்து சதவீதம் போகும். ஏ.சி. கம்ப்ரஸரும் தன் பங்கை எடுத்துக்கொள்ளும். சின்ன இன்ஜினில் இது எல்லாம் சேர்ந்தால் நன்றாகவே தெரியும். ஏ.சி.யை அணைத்ததும் வண்டி பழையபடி இழுத்தால் இன்ஜினைப் பிரிக்க வேண்டாம். முன்னால் உள்ள, ஏ.சி.யின் சூட்டை வெளியேற்றும் கண்டென்சரில் தூசி அடைத்திருக்கிறதா, ஏ.சி. போட்டால் ஃபேன் சுற்றுகிறதா என்று மட்டும் பாருங்கள். அது அடைத்திருந்தால் கம்ப்ரஸர் இன்ஜினை இன்னும் அதிகமாகப் பிடித்து இழுக்கும்.

அடுத்து, குற்றம் இன்ஜினுடையதுதானா என்று பாருங்கள். மிதித்தால் ஆர்.பி.எம். முள் எகிறுகிறது, வேகம் கூடவில்லை என்றால் கிளட்ச் பிளேட் வழுக்குகிறது. சமமான, வண்டி இல்லாத சாலையில் மெதுவாகப் போகும்போது நியூட்ரலில் விடுங்கள். சாதாரணமாக உருளாமல் யாரோ பின்னால் பிடித்து இழுப்பது போல நின்றால் ஒரு சக்கரத்தில் பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது. இறங்கி நாலு சக்கரத்தின் பக்கமும் போய் நில்லுங்கள். எது மட்டும் அனல் வீசுகிறதோ, கருகல் வாசனை வருகிறதோ, அங்கே பிரேக்கை அழுத்திப் பிடிக்கும் கேலிப்பர் ஜாம். கையால் தொட்டுப் பார்க்காதீர்கள், சுட்டுவிடும்.

இது இரண்டும் இல்லை என்றால் ஸ்கேனருக்கு வாருங்கள். இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரின் எண்களைப் படிக்க ஸ்டீயரிங்குக்குக் கீழே உள்ள ஓ.பி.டி. சாக்கெட்டில் செருகி, ப்ளூடூத் வழியாக போனில் பார்க்கிற சின்ன கருவி போதும். ஒருவர் ஓட்ட, இன்னொருவர் பக்கத்தில் உட்கார்ந்து எழுத வேண்டும். ஓட்டுகிறவர் போனைப் பார்க்கவே கூடாது. வண்டி நன்றாக ஓடும்போது ஒரு முறையும், சூட்டில் திணறும்போது ஒரு முறையும் அதே எண்களை எழுதுங்கள். இரண்டு வரிசைக்கும் உள்ள வித்தியாசம்தான் உங்களுக்கு வழி காட்டும்.

கூலண்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் நீர்) சூடு: பெரும்பாலான கார்களில் 85க்கும் 100க்கும் இடையில் நிற்கும். 105ஐத் தாண்டி ஏறிக்கொண்டே போனால் ஃபேன், தெர்மோஸ்டாட், ரேடியேட்டர் அடைப்பு, கூலண்ட் கசிவு பக்கம் போங்கள். இன்ஜினைக் காப்பாற்ற கம்ப்யூட்டரே ஏ.சி.யை வெட்டி, பவரையும் குறைக்கும். இந்த நிலையில் ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே திறக்காதீர்கள். கொதிநீர் முகத்தில் அடித்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

உள்ளே போகும் காற்றின் சூடு: ஓடும் வண்டியில் வெளி வெயிலைவிடப் பத்துப் பதினைந்து டிகிரி கூட இருக்கலாம். ஹைவேயில் போகும்போதும் 65, 70 என்று காட்டினால், ஏர் ஃபில்டர் பெட்டிக்கு முன்பக்கம் இருந்து காற்று கொண்டுவரும் குழாய் கழன்றோ உடைந்தோ இருக்கிறது. வண்டி பானட்டுக்குள் இருக்கும் அனல் காற்றைக் குடிக்கிறது. சர்வீஸ் முடிந்ததும் அந்தக் குழாயைத் திரும்ப மாட்டாமல் விடுவது நிறைய நடக்கிறது. காற்று சூடானால் 'நாக்கிங்' (பெட்ரோல் தானாகவே வெடித்துத் தட்டுவது) வராமல் இருக்க கம்ப்யூட்டர் பிளக் பொறி விடும் டைமிங்கைப் பின்னுக்குத் தள்ளும், அதனாலும் இழுவை போகும்.

ஃபியூல் டிரிம்: எனக்குப் பிடித்த எண் இதுதான். பெட்ரோல் போதவில்லை என்று கம்ப்யூட்டர் எவ்வளவு கூட ஊற்றுகிறது என்பதைச் சதவீதத்தில் காட்டும். ஷார்ட் (அந்த நொடித் திருத்தம்), லாங் (நாள்பட்ட திருத்தம்) இரண்டையும் கூட்டிப் பாருங்கள். மைனஸ் என்றால் பெட்ரோலைக் குறைக்கிறது. ப்ளஸ், மைனஸ் 10க்குள் இருந்தால் பெரிய கவலை இல்லை. ஐடிலில் அதிகமாக இருந்து, ஓட்டும்போது குறைந்தால் எங்கோ காற்று கசிகிறது. ஐடிலில் சரியாக இருந்து, ஏற்றத்தில் அழுத்த அழுத்தக் கூடிக்கொண்டே போனால் பெட்ரோல் வந்து சேரவில்லை.

டீச்சரை மதியம் இரண்டு மணிக்கு வரச் சொல்லி, அவர் ஓட்ட நான் எழுதினேன். அடிவாரத்தில் டிரிம் ப்ளஸ் 4. கூலண்ட் 94, காற்று 53, இரண்டிலும் குறை இல்லை. ஆறாவது வளைவில் திணறியபோது ப்ளஸ் 23.

பெட்ரோல் பம்ப் டேங்குக்கு உள்ளேயே மூழ்கி இருக்கிறது, அதைக் குளிர்விப்பதும் பெட்ரோல்தான். டேங்கில் கால்வாசிக்குக் கீழே வைத்தே ஓட்டினால் பம்ப் சூடாகி சோர்ந்துபோகும். அதனால் அரை டேங்குக்கு மேல் நிரப்பிவிட்டு அதே ஏற்றத்தை, அதே நேரத்தில் மறுபடி ஏறிப் பாருங்கள். குணம் தெரிந்தால் பம்ப் தேய்ந்துவிட்டது. டீச்சர் வண்டியில் நிரப்பியும் மாற்றமே இல்லை. பெட்ரோல் லைனில் பிரஷர் கேஜ் மாட்டினேன். 3.5 பார் வர வேண்டிய இடத்தில், திணறும்போது 2.3தான் இருந்தது. சூடான இன்ஜினில் பெட்ரோல் லைனைக் கழற்றுவது தீப்பிடிக்கிற வேலை. இந்த ஒன்றை மெக்கானிக்கிடம் விடுங்கள்.

பிரஷர் இல்லை என்றதும் பம்பை மாற்றிவிடுவார்கள். அதற்கு முன் பம்புக்கு எவ்வளவு வோல்ட் போகிறது என்று அளக்கச் சொல்லுங்கள். டீச்சர் வண்டியில் இன்ஜின் ஓடும்போது பேட்டரியில் 13.9 வோல்ட், பம்ப் கனெக்டரில் 11.1. நடுவில் கிட்டத்தட்ட மூன்று வோல்ட்டை ஏதோ தின்கிறது. பானட்டுக்குள் ஃபியூஸ் பெட்டியில் பம்ப் ரிலேயை, அதாவது பம்புக்குக் கரண்ட் விடும் சுவிட்சை, பிடுங்கினேன். அதன் ஒரு கால் (பின்) பழுப்பேறி, அது உட்காரும் சாக்கெட் தளர்ந்து உருகியிருந்தது. காலையில் அது ஒட்டிக்கொள்ளும். சூடு ஏற ஏற பிடி விட்டு, தடை கூடி, அந்தத் தடையாலேயே இன்னும் சூடாகும்.

டிரிம் ஒழுங்காக இருந்து, வண்டி குலுங்கி மிஸ்ஸிங் அடித்தால் காயிலைப் பாருங்கள். ஸ்கேனர் காட்டும் கோளாறு எண் பி0301 என்றால் முதல் சிலிண்டர். அந்தக் காயிலை மூன்றாவதோடு மாற்றிப் போட்டு சூட்டில் ஓட்டுங்கள். எண் பி0303க்குத் தாவினால் காயில்தான் போயிருக்கிறது. வண்டி திடீரென்று அணைந்து, அரை மணி நேரம் ஆறிய பிறகு ஸ்டார்ட் ஆனால், இன்ஜின் சுற்றுவதைக் கம்ப்யூட்டருக்குச் சொல்லும் கிராங்க் சென்சார் மேல் சந்தேகம் வைக்கலாம். அணையும் கணத்தில், வண்டி கியரில் உருளும்போதே ஆர்.பி.எம். முள் சட்டென்று பூஜ்யத்தில் விழும். அப்பா கார்புரேட்டர் டாக்சி ஓட்டிய காலத்தில் பெட்ரோல் பம்ப் மேல் ஈரத்துணி போடுவார், குழாயில் பெட்ரோல் ஆவியாகி அடைத்துக்கொள்ளும் என்பதால். அதே ஈரத்துணியை இன்று கிராங்க் சென்சாரின் மேல் வைத்துப் பார்க்கிறேன். இன்ஜினை அணைத்துவிட்டு, பெல்ட், ஃபேன் பக்கம் கை போகாமல் வையுங்கள். ஐந்து நிமிடத்தில் ஸ்டார்ட் ஆனால் சந்தேகம் பலமாகிறது.

கீழ் வேகத்தில் சுமாராக இருந்து, ஆர்.பி.எம். கூடக் கூட மூச்சு முட்டினால், சைலன்சர் பக்கம் அழுகிய முட்டை வாசனையும் வந்தால், புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் அடைத்திருக்கலாம். டர்போ டீசல் என்றால் முதலில், டர்போ காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் ஹோஸ்களைத் தடவிப் பாருங்கள், இன்ஜின் அணைந்த பிறகு. சூட்டில் இளகிய ரப்பரில் கீறல் விரியும், மிதித்தால் 'உஸ்' என்று சத்தம் வரும், அந்த இடத்தில் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும்.

டீச்சர் வண்டிக்குப் புது ரிலே, புது சாக்கெட், இரண்டு ஒயர். கூலியோடு 1,100 ரூபாய். மறுநாள் அதே இரண்டு மணிக்கு, வேண்டுமென்றே ஏ.சி. போட்டு, மலை ஏறினோம். பதினாலாவது வளைவில் டிரிம் ப்ளஸ் 5, பிரஷர் 3.5. பம்ப் பழையதுதான், இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.