வெப்சைட் டிசைனுக்கு எந்த மென்பொருள்? முதலில் யார் பார்த்துக்கொள்வார் என்று கேளுங்கள்

ஃபிக்மா நல்லதா, வேர்ட்பிரஸ் நல்லதா, விக்ஸே போதுமா என்று யாராவது கேட்டால் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: தளத்தை நீங்கள் ஒப்படைத்துவிட்டு வந்த பிறகு அதில் தேதி மாற்றப்போவது யார்? இங்கே தென் ஆப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வர்த்திலோ ஃபீனிக்ஸிலோ ஒரு கோயில் கமிட்டிக்குச் செய்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த வருடச் செயலாளர் அடுத்த வருடம் இருப்பாரா என்பது நிச்சயமில்லை. காவடித் தேதி, ஆடியில் கூழ் ஊற்றும் நாள், தமிழ் வகுப்பு நேரம் எல்லாம் மாறிக்கொண்டே இருக்கும், மாற்றுகிறவர் கையில் இருப்பதும் பெரும்பாலும் ஒரு ஃபோன்தான். அவரால் தொட முடியாத கருவியில் எவ்வளவு அழகாகச் செய்து கொடுத்தாலும், அடுத்த தைப்பூசத்துக்கும் அந்தப் பக்கத்தில் பழைய தேதியே நிற்கும்.

அதனால் கருவி தேடுவதற்கு முன் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: யார் மாற்றுவார், எதை மாற்றுவார், எத்தனை நாளுக்கு ஒருமுறை, எதிலிருந்து. இதற்குப் பதில் கிடைத்தாலே பாதிக் கருவிகள் தானாகக் கழிந்துவிடும்.

குழப்பம் வரும் இன்னொரு இடம், வரையும் கருவியும் கட்டும் கருவியும் ஒன்று என்று நினைப்பது. ஃபிக்மா, பென்பாட், ஸ்கெட்ச் இவையெல்லாம் அடிப்படையில் வரைவதற்கு. பக்கம் எப்படி இருக்கும் என்று காட்டி, வாடிக்கையாளரிடம் சரி வாங்குவது வரைதான் அவற்றின் வேலை. வேர்ட்பிரஸ், விக்ஸ், ஸ்கொயர்ஸ்பேஸ், வெப்ஃப்ளோ இவை கட்டுவதற்கு. ஐந்து பக்கச் சின்னத் தளத்துக்கு வரையும் கருவி தேவையே இல்லை, தாளில் பென்சிலால் கட்டம் போட்டுக் காட்டினால் போதும் என்பது என் கருத்து. ஃபிக்மாவில் மூன்று வாரம் பொத்தானின் மூலையை வளைத்துக்கொண்டு இருப்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் எரிச்சல்தான் வரும்.

வரைந்தே ஆக வேண்டும் என்றால் ஃபிக்மாவின் இலவசத் திட்டம் ஆரம்பத்துக்குத் தாராளம். பிரவுசரிலேயே ஓடும், விண்டோஸோ மேக்கோ கவலை இல்லை. ஸ்கெட்ச் மேக்கில் மட்டும்தான். அடோபி எக்ஸ்டியைப் பழைய யூடியூப் வீடியோக்கள் இன்னும் சிபாரிசு செய்யும், ஆனால் 2023 முதல் அடோபி அதைத் தனியாக விற்பதையே நிறுத்திவிட்டது, புதிதாகக் கற்றுக்கொள்வது வீண். பென்பாட் திறந்த மூல மென்பொருள், காசு கிடையாது, வேண்டுமானால் உங்கள் சர்வரிலேயே நிறுவிக்கொள்ளலாம்.

பிரவுசரில் ஓடும் கருவிகளில் தென் ஆப்பிரிக்காவில் நமக்கு ஒரு சிக்கல் உண்டு. 2023-ல் பட்ட லோட்ஷெடிங் (முறைவைத்து மின்சாரத்தை நிறுத்துவது) அளவுக்கு இப்போது இல்லை என்றாலும், கேபிள் திருட்டு, சப்ஸ்டேஷன் கோளாறு என்று மின்சாரம் போகத்தான் செய்கிறது. மின்சாரம் போனால் ரவுட்டரும் போகும். ஏற்கெனவே திறந்து வைத்த ஃபைலில் ஃபிக்மா வேலை செய்யவிடும், புதிதாக ஒன்றைத் திறக்க முடியாது. கோட் எழுத விஎஸ் கோட், வரைய இங்க்ஸ்கேப், படம் திருத்த கிம்ப் போன்றவை லேப்டாப் பேட்டரி இருக்கும் வரை ஓடும், மூன்றுமே இலவசம். அன்றாட வேலையில் ஒரு பகுதியாவது இணையம் இல்லாமல் நடக்கும்படி வைத்துக்கொள்ளுங்கள்.

இனி கட்டும் கருவி. இங்கேதான் நிதானம் தேவை, ஏனென்றால் இதை மாற்றுவது கஷ்டம். உள்ளே நுழையும்போதே வெளியேறும் வாசல் எங்கே என்று பாருங்கள். விக்ஸில் கட்டிய தளத்தை அப்படியே எடுத்து வேறு இடத்தில் வைக்க முடியாது, பிடிக்கவில்லை என்றால் முதலிலிருந்து கட்ட வேண்டியதுதான். வெப்ஃப்ளோவில் பணம் கட்டும் திட்டத்தில் தளத்தின் கோட் வரிகளை இறக்கிக்கொள்ளலாம், ஆனால் உள்ளடக்கப் பகுதியும் படிவங்களும் வெளியே வேலை செய்யாது. வேர்ட்பிரஸ் 2003-ல் வந்தது, இன்று உலகத் தளங்களில் பத்தில் நான்குக்கு மேல் அதில்தான் ஓடுகின்றன, முழுவதையும் மூட்டை கட்டி எந்த ஹோஸ்டிங்குக்கும் (தளத்தை வைக்கும் வாடகை இடம்) கொண்டுபோகலாம். அடோபி மியூஸ் நினைவிருக்கிறதா? கோட் தெரியாமலே தளம் செய்யலாம் என்று சொல்லி விற்றார்கள், 2018-ல் நிறுத்துவதாக அறிவித்து 2020-ல் ஆதரவையும் முடித்துவிட்டார்கள். அதன் ஃபைல்களை வேறு எதிலும் திறக்க முடியாது.

இதற்காக எல்லோரும் வேர்ட்பிரஸுக்குப் போங்கள் என்று சொல்லவில்லை. அதற்கு அப்டேட் பார்க்க ஆள் வேண்டும், அப்டேட் செய்யாத பிளகின் (கூடுதல் வசதிக்குச் சேர்க்கும் துண்டு மென்பொருள்) வழியாகத்தான் ஹேக்கர்கள் பெரும்பாலும் நுழைகிறார்கள். அழகுக்காக மேலே, இழுத்து வைத்துப் பக்கம் அமைக்கும் பேஜ் பில்டர் ஏற்றும்போதும் யோசியுங்கள், திவியின் பழைய பதிப்புகள் போன்ற சிலவற்றைப் பிறகு நிறுத்தினால் பக்கம் முழுக்கக் குறியீடுகளாக மிஞ்சும். வருடத்துக்கு ஒருமுறைகூட யாரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள் என்று தெரிந்தால், மாதச் சந்தா கொடுத்தாவது விக்ஸ் மாதிரி ஒன்றில் விடுவதே புத்திசாலித்தனம். மாற்றமே வராத ஒற்றைப் பக்கம் என்றால் வெறும் எச்டிஎம்எல் எழுதி கிட்ஹப் பேஜஸிலோ கிளவுட்ஃப்ளேர் பேஜஸிலோ இலவசமாக வைத்துவிடலாம். கிளவுட்ஃப்ளேருக்கு டர்பனிலேயே சர்வர்கள் இருப்பதால் வேகமாகவும் திறக்கும்.

கடை என்றால் கணக்கே வேறு. மசாலாவோ பூஜைச் சாமானோ விற்கிறவருக்குத் தளம் செய்தால் டெம்ப்ளேட் பார்ப்பதற்கு முன் பணம் எப்படி வரும் என்று பாருங்கள். அமெரிக்க வழிகாட்டிகள் எல்லாம் இணையத்தில் கார்டுப் பணம் வாங்கித் தரும் ஸ்ட்ரைப் சேருங்கள் என்று சொல்லும், தென் ஆப்பிரிக்காவில் பதிவான வியாபாரம் அதில் நேரடியாகக் கணக்கு தொடங்க முடியாது. இங்கே பேஃபாஸ்ட், யோகோ, 2020-ல் ஸ்ட்ரைப் வாங்கிய பேஸ்டாக் இவைதான் நடைமுறை. வேர்ட்பிரஸில் கடை சேர்க்கும் வூகாமர்ஸும், கடைத் தளம் கட்டும் ஷாப்பிஃபையும் பேஃபாஸ்ட்டோடு சேரும். நீங்கள் பார்க்கும் கருவி இவற்றில் ஒன்றையாவது ஏற்குமா என்று முதல் நாளே சரிபார்த்துவிடுங்கள். இன்னொன்று, சந்தாக்கள் பெரும்பாலும் டாலரில். ராண்ட் சரிந்தால் உங்கள் செலவு தானாக ஏறும், வாடிக்கையாளருக்குச் சொல்லும் விலையில் அதற்கு இடம் விடுங்கள்.

தமிழ் எழுத்து வரப்போகிறது என்றால், ஒரு தலைப்பு மட்டும்தான் என்றாலும், கருவியைச் சோதிக்காமல் இறங்காதீர்கள். 'கௌரி', 'கொடியேற்றம்', 'ஸ்ரீ' என்று அடித்துப் பாருங்கள். ஃபோட்டோஷாப்பின் பழைய பதிப்புகளில் தெற்காசிய எழுத்துகளுக்கான அமைப்பைத் தேர்ந்தெடுக்காவிட்டால் கொம்பு ஒரு பக்கம் எழுத்து ஒரு பக்கமாகச் சிதறும். பலர் அதைக் கவனிக்காமலே பேனர் அடித்துவிடுகிறார்கள், பாட்டிமார்தான் கோயில் வாசலில் நின்று கண்டுபிடிப்பார்கள். பாமினி மாதிரிப் பழைய எழுத்துருவில் டைப் செய்த நோட்டீஸை அப்படியே தளத்தில் ஒட்டினால் ஆங்கிலக் குப்பையாகத் தெரியும், யூனிகோடுக்கு மாற்றியாக வேண்டும். எழுத்துருவுக்கு நோட்டோ சான்ஸ் தமிழ், முக்த மலர், ஹிந்த் மதுரை, கட்டமரன் எல்லாம் கூகுள் ஃபான்ட்ஸில் இலவசம். வரி இடைவெளியை ஆங்கிலத்துக்கு வைப்பதைவிடக் கொஞ்சம் கூட்டுங்கள். தமிழ்ச் சொற்கள் நீளம், 'தொடர்புகொள்ளுங்கள்' என்பது பல டெம்ப்ளேட்களின் பொத்தானுக்குள் அடங்காது. அதனால் அர்த்தமில்லாத லத்தீன் நிரப்பு வரிகளை வைத்து வரையாமல் உண்மையான வாசகத்தை வைத்தே வரையுங்கள்.

படங்களைக் குறைக்க ஒரு கருவி கட்டாயம் வேண்டும். ஈஸ்டர் விடுமுறையில் இசிபிங்கோ மாரியம்மன் கோயிலுக்குப் போகிற கூட்டத்தை நினைத்துப் பாருங்கள், வழியில் ஃபோனில் ப்ரீபெய்ட் டேட்டாவில்தான் எதையும் திறப்பார்கள். கேமராவிலிருந்து வந்த நான்கைந்து எம்பி படத்தை அப்படியே ஏற்றினால் அது அவர்கள் காசு. ஸ்கூஷ் என்ற இலவசக் கருவி பிரவுசரிலேயே படத்தை எடை குறைந்த வெப்பி வடிவத்துக்கு மாற்றிச் சில நூறு கேபிக்குள் கொண்டுவந்துவிடும். பிறகு குரோமுக்குள்ளேயே இருக்கும், தளத்தின் வேகத்தைச் சோதிக்கும் லைட்ஹவுஸை ஓட்டிப் பாருங்கள், மதிப்பெண்ணைவிட அது எந்தப் படம் கனமாக இருக்கிறது என்று காட்டும் பட்டியல்தான் உபயோகம். கடைசியில் வீட்டில் இருக்கும் மிக மலிவான ஆண்ட்ராய்டு ஃபோனில் வைஃபையை அணைத்துவிட்டுத் திறந்து பாருங்கள்.

தளத்தில் பெயரும் ஃபோன் எண்ணும் வாங்கும் படிவம் இருந்தால் அந்தத் தகவல் எங்கே போய்ச் சேர்கிறது என்பதையும் கருவி தேர்ந்தெடுக்கும்போதே பாருங்கள். 2021 ஜூலை 1 முதல் தென் ஆப்பிரிக்காவின் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டமான போப்பியா முழுமையாக அமலில் இருக்கிறது, கோயில், சங்கம் என்றால் விலக்கு என்று நினைத்துவிட வேண்டாம். தளத்தின் முகவரிப் பெயரான டொமைனை மட்டும் எப்போதும் தனியாக, கமிட்டியின் பெயரிலேயே பதியுங்கள், உங்கள் பெயரில் வேண்டாம், தளம் கட்டும் கம்பெனியிடமும் வேண்டாம்.

இத்தனைக்குப் பிறகும் இரண்டு கருவிகள் மிஞ்சினால், இரண்டிலும் ஒரே ஒரு பக்கம் செய்து, தளத்தைப் பார்த்துக்கொள்ளப்போகிறவர் கையில் கொடுத்து, காவடித் தேதியை மாற்றச் சொல்லிவிட்டுப் பேசாமல் பக்கத்தில் உட்காருங்கள். எதில் அவர் உங்களைத் திரும்பிப் பார்க்காமல் முடிக்கிறாரோ அதை எடுத்துக்கொள்ளுங்கள், உங்களுக்கு மற்றது பிடித்திருந்தாலும்.