அலாஸ்கா கப்பலில் குளிரைச் சமாளித்த விதம்

அலாஸ்காவின் கிளேசியர் பே விரிகுடாவில் கப்பல் கரைக்குப் போகாது, பனியாற்றின் முன்னால் மெதுவாகத் திரும்பும், அதனால் நன்றாகப் பார்க்க வேண்டுமென்றால் திறந்த மேல்தளத்தில்தான் நிற்க வேண்டும். பனியைத் தொட்டு வரும் காற்றில் எனக்கு விரல் மரத்துப்போனது, கேமரா பேட்டரியும் படுத்துவிட்டது.

குளிரில் பேட்டரிக்குள் வேதிவினை மந்தமாகிவிடும், சார்ஜ் இருந்தாலும் தீர்ந்ததுபோல் காட்டும். அதைக் கழற்றி உடம்போடு ஒட்டிய உள்பையில் வைத்தேன், கொஞ்ச நேரத்தில் உயிர் வந்தது. அப்புறம் ஒன்று கேமராவில், ஒன்று பையில் என்று மாற்றி மாற்றிப் போட்டேன். உள்ளே போகும்போது லென்ஸில் நீர் கோக்காமல் இருக்க, வெளியிலேயே கேமராவை ஜிப் பையில் போட்டு மூடி, அறைச் சூட்டுக்குப் பழகிய பிறகுதான் திறந்தேன்.

உடையில் பருத்தியை விட்டுவிட்டேன், ஈரத்தைப் பிடித்துக்கொண்டு உடம்பைச் சில்லிட வைக்கும். உள்ளே மெரினோ கம்பளி, நடுவில் ஃபிளீஸ் என்ற மென்மையான செயற்கை இழைச் சட்டை, வெளியே காற்றும் மழையும் புகாத ஜாக்கெட், இது போதும். கையில் மெல்லிய உறை, அதன்மேல் தடித்தது; படமெடுக்க மேல் உறையை மட்டும் கழற்றலாம்.

கப்பல் நிற்கும் ஊர்களில், கெச்சிகானில் மழை சகஜம், ஷூ நீர் புகாததாக இருக்கட்டும். ஸ்காக்வேயில் வைட் பாஸ் என்ற மலை ரயில், 1898இல் தங்க வேட்டைக் காலத்தில் போட ஆரம்பித்த பாதை, துறைமுகத்திலிருந்து சுமார் 870 மீட்டர் உயரம் ஏறுகிறது. கீழே இதமாக இருந்தாலும் ஃபிளீஸைப் பையில் வைத்திருந்தது அங்கே உதவியது, அந்த மலைக் காட்சிக்காகவே மறுபடி போகலாம்!